அடிச்சது அவனா, அவன் நெத்திக் காயமா? மூளையும் குற்றப் பொறுப்பும்

கச்சான்காற்று (பாம்பன்):

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கிடக்கிற விஷயம் இது. சட்டம் தெரிஞ்சவங்க, மருத்துவம் தெரிஞ்சவங்க, அடிபட்ட வீட்டுக்காரங்க, யாரா இருந்தாலும் சொல்லுங்க. ஆளைக் குறிப்பிடாம எழுதுறேன்.

என் பெரியம்மா மகன். என்னைவிட நாலு வயசு மூத்தவன். விசைப்படகுல பதினைஞ்சு வருஷம் தொழிலுக்குப் போனவன். மூணு வருஷத்துக்கு முன்ன மடி இழுக்கும்போது விஞ்சு ரோப்பு அறுந்து நேரா நெத்தியில அடிச்சுது. கரைக்கு வந்து சேர ஆறு மணி நேரம். மதுரையில பதினொரு நாள் படுக்கையில கிடந்து பிழைச்சு வந்தான். வலது புருவத்துக்கு மேல தையல் போட்ட தழும்பு இப்பவும் நண்டுக்கால் மாதிரி தெரியும்.

வந்தது பழைய அண்ணன் இல்ல. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவன், எடுத்ததுக்கெல்லாம் கை ஓங்கினான். தாத்தா அடக்கத்துல குழிமேட்டுல நின்னு சிரிச்சான். புதுசா வாங்கின நண்டு வலை மொத்தத்தையும் பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தூக்கிக் கொடுத்துட்டான். ஏன்டான்னா, "கேட்டான், கொடுத்தேன்." பெரியம்மா கண்ணேறுன்னாங்க. அண்ணி குடிச்சுட்டு வர்றான்னு நினைச்சாங்க. அவன் குடிக்கிறதே இல்ல.

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்ச முதல் வாரம். ஏலத்துல கணவாய் விலையில பேச்சு தடிச்சுது. வியாபாரி ஒரு வார்த்தை விட்டார். இவன் ஐஸ் உடைக்கிற கட்டையை எடுத்து அவர் மேல ரெண்டு தடவை போட்டான். முழங்கை எலும்பு நொறுங்கிடுச்சு. தலையில பட்டிருந்தா ஆள் போயிருப்பார். போலீஸ் வந்தப்ப இவன் ஓடல. கட்டையைக் கையிலயே வச்சுக்கிட்டு "தப்புதான் சார்"னு சொன்னான்.

அதுதான் எனக்கு விளங்கல. தப்புன்னு தெரியுது, தெரிஞ்சே செஞ்சிருக்கான். ஆனா அந்த ரோப்பு அறுந்திருக்காட்டி இவன் கட்டையைத் தொட்டிருக்க மாட்டான். இதையும் நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ரெண்டும் உண்மையா இருக்க முடியுமா? மூளையைப் படிக்கிறவங்க இதுக்கு என்ன பதில் வச்சிருக்காங்க? கோர்ட்டு அதைக் கேட்குமா?

மண்டபம் முனை:

இதுல என்னண்ணே குழப்பம். நல்ல ஸ்கேன் ஒண்ணு எடுத்து ஜட்ஜ் முன்னாடி வைங்க. மூளையில அடி இருந்தா விடுதலை, இல்லாட்டி தண்டனை. இவ்வளவு வசதி வந்த காலத்துல வாய்ச் சாட்சியை நம்பி எதுக்கு அலையணும்?

உப்பங்காற்று (தங்கச்சிமடம்):

தம்பி, நான் மதுரையில நரம்பு அறுவை வார்டுல பன்னிரண்டு வருஷமா நர்ஸ். நீங்க எழுதினதை வார்டு வாசல்ல எத்தனையோ அம்மாக்கள் வாயால கேட்டிருக்கேன். ஒரு அம்மா சொன்னாங்க, "உசுரு வந்துருச்சு சிஸ்டர், புள்ளை இன்னும் வரல."

நெத்தி எலும்புக்கு நேர் பின்னால, கண்குழிக்கு மேல இருக்கிறது முன்மூளையோட முன்பகுதி. அங்க அடிபட்டவன் நடப்பான், பேசுவான், கணக்குகூடப் போடுவான். அதனால "நல்லாயிட்டான்"னு வீட்டுக்கு அனுப்பிடுவோம். ஆனா கோபம் வர்றப்ப உள்ளேயிருந்து "வேணாம், விடு"ன்னு ஒண்ணு பிடிச்சு இழுக்குமே, அது அந்த இடத்தைத்தான் ரொம்ப நம்பியிருக்கு.

மருத்துவம் படிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய சம்பவம் ஒண்ணு. 1848 செப்டம்பர்ல அமெரிக்காவுல வெர்மான்ட்ங்கிற இடத்துல ரயில்பாதைக்குப் பாறை உடைச்சிட்டு இருந்தவர் பினியஸ் கேஜ். மூணரை அடிக்கு மேல நீளமுள்ள, ஆறு கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி இடது கன்னத்துக்குக் கீழ நுழைஞ்சு உச்சந்தலை வழியா வெளியே போச்சு. பிழைச்சுட்டார். ஆனா பொறுப்பான மேஸ்திரியா இருந்தவர் வாய்க்கு வந்ததைப் பேசுறவரா, எதுலயும் நிலைக்காதவரா ஆயிட்டார்னு ஹார்லோங்கிற அவரோட டாக்டர் எழுதி வச்சார். சிநேகிதங்களே இது பழைய கேஜ் இல்லன்னாங்க. இதோட கதையை நிறுத்திடுவாங்க. நான் வார்டுல மிச்சத்தையும் சொல்வேன். அவர் பின்னால சிலி நாட்டுல பல வருஷம் குதிரை வண்டி ஓட்டினார். ஆறு குதிரையைப் பிடிச்சு ஓட்டுற வேலை, நேரம் தவறாத வேலை. அதனால மாறினவன் மாறினபடியே கிடப்பான்னும் நினைக்க வேண்டாம். ஒழுங்கான வேலையும் கூட ஆளும் இருந்தா நிறைய திரும்பி வரும்.

இப்ப உங்க "தெரியுது, ஆனா செஞ்சான்" விஷயம். சீட்டு அடுக்குற சோதனை ஒண்ணு இருக்கு. நிறத்தைப் பார்த்து அடுக்கணுமா வடிவத்தைப் பார்த்து அடுக்கணுமான்னு சொல்லித்தர மாட்டாங்க. வச்ச சீட்டு சரியா தப்பான்னு மட்டும் சொல்வாங்க. நடுவுல சத்தமில்லாம விதியை மாத்திடுவாங்க. நம்ம பக்கத்துப் படகு டிரைவர் ஒருத்தருக்கு அதைச் செஞ்சப்ப நான் பக்கத்துல நின்னேன். "இப்ப நிறம் இல்ல சிஸ்டர், வடிவம்"னு வாயால சரியாச் சொன்னார். சொல்லிக்கிட்டே சிவப்புச் சீட்டைச் சிவப்பு மேல வச்சார். தப்புன்னாங்க. "ஆமா, தப்பு"ன்னார். மறுபடியும் சிவப்பு மேலயே வச்சார். வச்சுட்டுத் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கல.

தெரியறது வேற, நிறுத்த முடியறது வேற. மூளையில ரெண்டுக்கும் ஒரே கயிறு இல்ல. உங்க கேள்விக்கு என்னால சொல்ல முடிஞ்ச பதில் இதுதான்: ரெண்டும் உண்மையா இருக்க முடியும்.

ஏலக்காரர் மகள் (தேவிபட்டினம்):

எல்லாம் படிச்சேன். அடிச்சவரோட புருவத் தழும்பு எப்படியிருக்குன்னு எனக்கு இப்பத் தெரியும். அடிபட்டவருக்கு எந்தக் கைன்னுகூட யாரும் எழுதல.

எங்க அப்பாவுக்கு ஒரு கண் கிடையாது. ஒன்பது வருஷத்துக்கு முன்ன, ஏலக் காசு பாக்கி கேட்டதுக்கு ஒருத்தன் குடிச்சுட்டு வந்து பாட்டிலால குத்தினான். கோர்ட்டுல அவன் தரப்பு சொன்னது, "சுயநினைவே இல்ல, போதையில நடந்தது." இப்பவும் பின்னால யாராவது சத்தமா நடந்து வந்தா அப்பா சுவரோட ஒட்டிக்குவார். அறுபத்திரெண்டு வயசு மனுஷன். அவர் மூளையும்தான் அன்னைக்கு மாறிப்போச்சு. அதுக்கு யார் ஸ்கேன் எடுத்தாங்க?

எனக்கு ரெண்டு கேள்வி. காயம் மூளையை மாத்துச்சுன்னு மன்னிக்கணும்னா, சாராயமும் மூளையைத்தானே மாத்துது? அவனையும் விட்டுடணுமா? ரெண்டாவது, தம்பி, அந்த வியாபாரியை உங்க வீட்டுல யாராவது போய்ப் பார்த்தீங்களா?

சேதுக்கரை வக்கீல் (ராமநாதபுரம்):

அம்மா கேட்ட முதல் கேள்விக்குச் சட்டத்தில் நேரான பதில் இருக்கிறது, கடைசியில் வருகிறேன். முதலில் தம்பியின் வழக்கு.

நடந்தது 2024 ஜூலை 1-க்குப் பிறகு என்பதால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதில் 22-ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவேதான். செயலைச் செய்த நேரத்தில், சித்தசுவாதீனம் இல்லாத காரணத்தால், தான் செய்வது இன்னதென்றோ அது தவறு அல்லது சட்டவிரோதம் என்றோ அறியும் திறன் இல்லாதிருந்தால் குற்றமில்லை. இதன் வேர் 1843-இல் லண்டனில் இருக்கிறது. மெக்நாட்டன் என்பவர் தன்னை ஆளுங்கட்சிக்காரர்கள் துரத்துகிறார்கள் என்ற பிரமையில், பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளர் ட்ரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். விடுதலையானார். நாடே கொதித்ததும், நீதிபதிகள் ஒரு விதியை எழுதித் தந்தார்கள். 1860-இல் நம் சட்டம் நிறைவேறியபோது அந்த எண்ணமே உள்ளே வந்தது. மூளையின் எந்தப் பகுதி என்ன செய்கிறது என்று மருத்துவர்களே தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த காலம் அது.

ஆகவே சட்டம் கேட்பது ஒரே கேள்வி: அவனுக்குத் தெரிந்ததா? சகோதரி சொன்ன அந்தச் சீட்டுச் சோதனையில் டிரைவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் அண்ணனுக்கும் தெரிந்திருந்தது. "தப்புதான் சார்" என்று அவர் வாயாலேயே வந்திருக்கிறது. கட்டுப்படுத்த முடியாத உந்துதல் என்று மட்டும் சொல்லி நம் நாட்டில் 22-க்குள் நுழைய முடியாது. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. இங்கிலாந்தில் 1957 முதல் கொலை வழக்கில் குறைந்த பொறுப்பு என்று ஒரு நடுவழி உண்டு. முழு விடுதலையும் இல்லை, முழுப் பழியும் இல்லை. நம் சட்டத்தில் அந்த நடுப்படி இல்லை. ஒன்று பித்தன், இல்லாவிட்டால் முழுப் பொறுப்பாளி. முன்மூளைக் காயம்பட்டவர்கள் பெரும்பாலும் நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவே. இருபத்திரண்டு வருட வழக்குத் தொழிலில் இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது இதுதான், இங்கே வெளிப்படையாகவே சொல்கிறேன்.

ஆனால் அதோடு வழி அடைபடவில்லை. கொலை முயற்சி என்று 109-இல் வழக்குப் போட்டிருந்தால், கொல்லும் எண்ணம் அல்லது அறிவு இருந்ததென அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். திட்டமிட்டதா, அந்தக் கணத்தில் வெடித்ததா என்பதற்கு மூளைக் காயம் பேசும். கொடுங்காயம் என்று நின்றாலும், எவ்வளவு தண்டனை என்ற இடத்தில் பேசும். ஜாமீனில் பேசும், சிகிச்சைக்கு உத்தரவு கேட்பதில் பேசும். சித்தசுவாதீனம் பற்றிய எதிர்வாதத்தை நிலைநாட்டும் பொறுப்பு நம்முடையதுதான் என்றாலும், 1964-இல் தாயாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது: குற்றம் சாட்டப்பட்டவர் முழுசாக நிரூபிக்காவிட்டாலும், அவர் வைக்கும் சான்று குற்ற எண்ணத்தின் மீதே நியாயமான ஐயத்தை எழுப்பினால் அதன் பலன் அவருக்கே.

சரி, சான்று எங்கே? நீதிமன்றம் பார்ப்பது சம்பவத்துக்கு முன், அப்போது, பின் ஆள் எப்படி இருந்தான் என்பதை. 2002-இல் மகாராஷ்டிரக் காவலர் ஒருவர் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. மனைவியை அம்மிக் குழவியால் அடித்துக் கொன்றவர். விடுதலையானார். அவரைக் காப்பாற்றியது எந்த வண்ணப் படமும் இல்லை. முன்பிருந்தே மனச்சிதைவுக்குச் சிகிச்சை பெற்ற பதிவு, தந்தைக்கும் அந்த நோய் இருந்த வரலாறு, சம்பவத்துக்குப் பின் குறுகிய காலத்துக்குள் 25 முறை மருத்துவமனைக்கு அழைத்துப் போன பதிவு. தேதி போட்ட சிட்டைகள்.

எங்கள் கடற்கரையில் நான் தோற்ற வழக்குகளில் நோய் இருந்தது, சிட்டை இல்லை. மழையில் நனைந்து போயிருக்கும், கூரை மாற்றும்போது எரித்திருப்பார்கள், அல்லது மருத்துவமனைக்கே போயிருக்க மாட்டார்கள். தாயும் மனைவியும் சொல்வதை "சொந்தக்காரர் சாட்சி" என்று தள்ளிவிடுவார்கள். மண்டபம் தம்பி, மூளை அறிவியல் நம் ஊர் நீதிமன்றத்துக்குள் வருகிற வாசல் ஸ்கேன் படம் இல்லை, அந்த மருத்துவச் சிட்டை.

அம்மா, போதை விஷயம். தானாக விரும்பிக் குடித்தவனுக்கு அந்தப் போதை காப்பாகாது. அவனுக்குத் தெரியாமலோ அவன் விருப்பத்துக்கு மாறாகவோ கொடுத்திருந்தால் மட்டுமே 23-ஆம் பிரிவு. தானாகக் குடித்தவனைத் தெளிந்தவனுக்கு இருந்திருக்கும் அறிவோடு செய்ததாகவே 24 எடுத்துக்கொள்ளும். குடிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்த நேரத்தில் அவன் மூளை நன்றாக இருந்தது. ரோப்பு அறுந்த நேரத்தில் இந்தத் தம்பியின் அண்ணனை யாரும் கேட்கவில்லை. இரண்டு பேரின் மூளையும் மாறியதுதான். மாறிய வழி வேறு.

மண்டபம் முனை:

ஐயா சொன்னது புரியுது. ஆனா பொய் சொல்றவனைக் கண்டுபிடிக்கவாவது மூளைச் சோதனை உதவுமே? தலையில கம்பி மாட்டி, கொலை செஞ்ச நினைவு மூளையில இருக்கான்னு பார்த்தாங்கன்னு பேப்பர்ல படிச்சிருக்கேன்.

சேதுக்கரை வக்கீல் (ராமநாதபுரம்):

படித்தது சரி. 2008-இல் புனேயில் ஒரு கொலை வழக்கில் அந்தச் சோதனை முடிவையும் சான்றாக எடுத்துத் தண்டித்தார்கள். வெளிநாட்டு விஞ்ஞானிகள் பலர் அதிர்ந்து போனார்கள், ஏனென்றால் வேறெந்த நாட்டு ஆய்வுக்கூடமும் அதைச் சரிபார்த்து ஒப்புக்கொண்டிருக்கவில்லை. 2010 மே 5-இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது: உண்மை கண்டறியும் மருந்து, பொய்யறியும் கருவி, மூளை வரைபடம் எதையும் ஒருவர் சம்மதமின்றிச் செய்யக்கூடாது. தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாதென்ற அரசியலமைப்பு உரிமை மண்டைக்குள்ளும் செல்லும்.

உப்பங்காற்று (தங்கச்சிமடம்):

மண்டபம் தம்பிக்கு மீன் கதை ஒண்ணு சொல்றேன், நிஜமா நடந்தது. 2009-ல அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் செத்த சால்மன் மீனை, மூளை வேலை செய்யறதைக் காட்டுற ஸ்கேன் கருவிக்குள்ள வச்சு, அதுக்கு மனுஷங்க இருக்கிற படங்களைக் காட்டி, "இவங்க மனசுல என்ன உணர்ச்சி"ன்னு கேட்டாங்க. கணக்கைச் சரியாத் திருத்தாம போட்டப்ப, செத்த மீன் மூளையில ஒரு இடம் வேலை செய்யுதுன்னு கருவி காட்டுச்சு. படத்துல தெரியற நிறம் மூளையோட நிறம் இல்ல, கணக்கு போட்டு ஏத்தின நிறம். ஆயிரக்கணக்கான புள்ளியை ஒரே நேரத்துல சோதிச்சா சிலது தற்செயலாவே மின்னும்னு காட்டத்தான் அவங்க அதைச் செஞ்சாங்க.

சி.டி. ஸ்கேன் அப்படி இல்ல. ரத்தம், எலும்பு முறிவு, கன்றிப்போன இடம் நல்லாத் தெரியும். ஆனா அதுவும் இன்னைக்கு எடுத்த படம். அன்னைக்கு ஏலத்துல அந்த நிமிஷம் உள்ளே என்ன நடந்துச்சுன்னு எந்தப் படமும் திருப்பிக் காட்டாது. இன்னொண்ணு, அதே இடத்துல அதே அளவு காயம்பட்டு யாரையும் அடிக்காதவங்க நிறைய பேர். எங்க வார்டுலயே பார்க்கிறேன். காயம் கையை ஓங்க வைக்கலாம், ஆனா ஓங்கியே தீரும்னு இல்ல.

அக்கா (வயசு தெரியாது, அக்கான்னே கூப்பிடுறேன்), உங்க அப்பாவுக்கு வந்திருக்கிறதுக்கும் பேர் இருக்கு, மருந்தும் பேச்சு சிகிச்சையும் இருக்கு. ஒன்பது வருஷம் ஆனாலும் தாமதம் இல்ல. ராமநாதபுரம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுல காட்டுங்க.

தொண்டி வாத்தியார்:

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். விவாதம் ஒரு படி ஆழமாகப் போக வேண்டும் என்று நினைக்கிறேன். காயம்பட்ட மூளைக்கு இரக்கம் காட்டுகிறோம். காயமில்லாத மூளையும் மூளைதானே? அதுவும் மரபணு, வளர்ப்பு, பசி, அடி எல்லாம் சேர்ந்து செய்ததுதான். 1983-இல் பெஞ்சமின் லிபெட் என்பவர் சோதித்தார். விரும்பிய நேரத்தில் மணிக்கட்டை மடக்கச் சொன்னார். மடக்குவதற்கு அரை நொடிக்கு முன்பே மூளையில் மின்னசைவு எழுகிறது. "மடக்கப் போகிறேன்" என்ற எண்ணமோ ஐந்தில் ஒரு நொடிக்கு முன்புதான் வருகிறது. நாம் முடிவெடுப்பதாக உணர்வதற்கு முன்பே மூளை புறப்பட்டுவிட்டது என்றால், யாரைத்தான் தண்டிப்பது?

கச்சான்காற்று (பாம்பன்):

ஐயா, நான் அதிகம் படிக்கல. ஆனா சுக்கான் பிடிச்சிருக்கேன். குந்துகால் பக்கம் அலை குறுக்க வந்தா நான் நினைக்கிறதுக்கு முன்னாடி கை திரும்பிடும். அதுக்காக நான் ஓட்டலன்னு ஆகிடுமா? இருபது வருஷம் பழகினது அந்தக் கையில இருக்கு. கரை தட்டினா படகு முதலாளி சம்மாட்டி என்னைத்தான் கேட்பார், கேட்கிறதும் நியாயம். அண்ணன் விஷயத்துல எனக்கு வலிக்கிறது, பழகின அந்தக் கையையே ரோப்பு வெட்டிடுச்சேங்கிறதுதான்.

தொண்டி வாத்தியார்:

தம்பி, ஒரு நாள் முழுக்க இதை யோசித்தேன். நீங்கள் சொன்னது சரி. 2012-இல் ஷூர்கர் என்பவரும் கூட்டாளிகளும் லிபெட்டின் அந்த மின்னசைவு முடிவாகவே இருக்க வேண்டியதில்லை, மூளையில் எப்போதும் ஏறி இறங்கும் அலையின் ஒரு ஏற்றமாக இருக்கலாம் என்று காட்டினார்கள். மணிக்கட்டை மடக்குவதை வைத்து மனிதனின் பொறுப்பையே மறுப்பது அவசரம். பொறுப்பு ஒரு கணத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது என்று மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கவலை மட்டும் போகவில்லை. 2012-இல் அமெரிக்காவில் 181 நீதிபதிகளிடம் ஒரு கற்பனை வழக்கைக் கொடுத்தார்கள். குற்றவாளி இரக்கமற்ற மனப்போக்கு உள்ளவன் என்று எல்லாருக்கும் சொல்லி, பாதிப் பேருக்கு மட்டும் அதற்கான மூளைக் காரணத்தையும் விளக்கினார்கள். விளக்கம் கேட்ட நீதிபதிகள் தண்டனையைச் சராசரியாக ஓராண்டு குறைத்தார்கள், ஏறத்தாழ பதினான்கிலிருந்து பதின்மூன்றுக்கு. ஆனால் மூளைக் காரணம் இருபக்கமும் வெட்டும். "அவனால் முடியவில்லை, பாவம்" என்பதே திரும்பி, "அவனால் முடியாது, ஆகவே வெளியே விடக்கூடாது" என்றும் ஆகும்.

கீழக்கரை காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 68. பேரன்தான் டைப் பண்ணித் தர்றான். வாத்தியார் கடைசியா எழுதினதைப் படிச்சுக் காட்டினான், அதான் எழுதச் சொன்னேன்.

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடி. விடியக்காலம். ஓலைக் கொட்டகையில தீப்பிடிச்சுது. உள்ள இருந்தவங்க மனநோயாளிங்க, சங்கிலியில கட்டியிருந்தாங்க. 28 பேர் போயிட்டாங்க. எங்க ஊர்ல இருந்து போன ஆட்கள்ல நானும் ஒருத்தன். புகையடங்கின பிறகு போனேன். கட்டைக்கால் கரிஞ்சு நிக்குது, அதுல சங்கிலி இருக்கு, வளையம் பூட்டினபடியே இருக்கு. இருபத்திச் சொச்சம் வருஷமாச்சு, படகுல நங்கூரச் சங்கிலி உரசுற சத்தம் கேட்டா எனக்கு அதுதான் வரும்.

நான் சொல்ல வந்தது இது. அந்த 28 பேர் மேல எந்தக் கோர்ட்டும் குற்றம் சொல்லல. கட்டினவங்களும் இவங்க குற்றவாளின்னு கட்டல. "பாவம், இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, கடல்ல போய் விழுந்துருவாங்க, யாரையாச்சும் அடிச்சுருவாங்க"ன்னுதான் கட்டினாங்க. வீட்டு ஆளுங்களும் சம்மதிச்சுத்தான் விட்டுட்டுப் போனாங்க. குற்றம் செஞ்சவனுக்காவது இத்தனை வருஷம்னு கணக்கு உண்டு. இவங்களுக்குக் கணக்கே இல்ல. அதனால "இவன் பொறுப்பில்ல"ன்னு சொன்னா விடுதலைன்னு நினைக்காதீங்க. பொறுப்பில்லன்னு ஒரு மனுஷனைச் சொல்லிட்டா, அவன் பேச்சுக்கும் மதிப்பில்லாமப் போயிடும்.

2017 மனநலச் சட்டத்துல எந்த வகையிலயும் சங்கிலி போடக்கூடாதுன்னு 95-ஆம் பிரிவே இருக்கு. ஏர்வாடியில இப்ப தர்காவுக்கு வர்றவங்களுக்குத் துஆவோட (பிரார்த்தனையோட) மருந்தும் கிடைக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். நான் துஆவை விடச் சொல்லல, என் உம்மாவுக்கே அங்கதான் நிம்மதி கிடைச்சுது. ஆனா வக்கீல் தம்பி சொன்ன அந்தச் சிட்டை, துஆ கேட்டா வராது. டாக்டரைப் பார்த்தாத்தான் வரும். ரெண்டும் செய்யுங்க. மருந்துச் சீட்டைத் தகரப் பெட்டியில போட்டு, பெட்டியை மேல வைங்க, தண்ணி ஏறாத இடத்துல.

ஏலக்காரர் மகள் (தேவிபட்டினம்):

காக்கா எழுதினதுக்கு அப்புறம் எனக்கு ரெண்டு நாள் எதுவும் எழுதத் தோணல.

நான் தண்டனை வேணும்னு கேட்கிறது பழிவாங்க இல்ல. எங்க அப்பாவைக் குத்தினவன் கோர்ட்டுல ஒரு தடவையாவது "நான் செஞ்சேன்"னு சொல்லணும்னு நினைச்சேன். அவன் கடைசி வரைக்கும் பாட்டில் செஞ்ச மாதிரிதான் பேசினான். இந்தத் தம்பியோட அண்ணன் கட்டையைக் கையில வச்சுக்கிட்டு "தப்புதான்"னு சொல்லியிருக்கார். வக்கீல் ஐயா அது அவருக்குப் பாதகம்னு சொல்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை கிடைச்சிருந்தா நான் பாதி ஆறியிருப்பேன். மூளைக் காயத்தைக் கோர்ட்டுல சொல்லுங்க, நான் தடுக்கல. ஆனா அதைச் சொல்றேன்னு அந்த "தப்புதான்"னைத் திரும்ப வாங்கிடாதீங்க.

என் ரெண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் வரல.

சேதுக்கரை வக்கீல் (ராமநாதபுரம்):

அம்மா, இதுவரை நான் அப்படி யோசித்ததில்லை. தண்டனை அளவு பேசும் இடத்தில் அந்த ஒப்புக்கொள்ளலும் மருத்துவச் சான்றும் சேர்ந்து நிற்க முடியும். "செய்தது இவர்தான், தவறென்று அன்றே சொன்னார், நிறுத்தும் சக்தி காயத்தால் குறைந்திருந்தது, இன்ன சிகிச்சையில் இருக்கிறார்." இப்படிச் சொல்லலாம். பொய்யில்லாத வாதம்.

தம்பி, செய்ய வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள். மதுரையில் சேர்த்த தேதியைச் சொல்லி மருத்துவப் பதிவின் நகல் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள். சி.டி. அறிக்கை தனியாக வேண்டும். விபத்து நடந்த படகின் ஆட்கள் இருவரிடம் தேதி விவரம் வாங்குங்கள். நண்டு வலையைக் கொடுத்தாரே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மிக முக்கியம், அவர் சொந்தக்காரர் இல்லை. இப்போதாவது மனநல மருத்துவரிடம் காட்டுங்கள், வழக்குக்காக அல்ல, அவருக்காக.

கச்சான்காற்று (பாம்பன்):

பதினெட்டு நாள் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும்.

மதுரைக்கு மூணு தடவை போனேன். பழைய பதிவு கிடங்குல இருக்குன்னாங்க. மூணாவது தடவை கிடைச்சுது. சி.டி. அறிக்கையை உப்பங்காற்று அக்காதான் தமிழ்ல சொன்னாங்க: நெத்தி எலும்புல முறிவு, ரெண்டு பக்க முன்மூளையிலயும் கன்றின காயம், வலது பக்கம் அதிகம். டிஸ்சார்ஜ் சீட்டுல கடைசி வரி, "நடத்தை மாற்றம் இருந்தால் மீண்டும் வரவும்." மூணு வருஷமா அது எங்க பெரியம்மா வீட்டு மாதா படத்துக்குப் பின்னால சொருகியிருந்திருக்கு. டீசல் மானியப் புத்தகத்தோட சேர்த்து. யாரும் வாசிக்கல. பெரியம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும், நான் கேட்கல.

அண்ணனை மருத்துவர்கிட்ட காட்டிட்டோம். மாத்திரை சாப்பிடுறான். வலை பின்னுற வேலை மட்டும் கொடுத்திருக்கோம், காலையில ஏழு மணிக்கு உட்காருவான், பக்கத்துல நான் இருப்பேன். கோபம் வந்தா ஊசியைக் கீழ வச்சுட்டு எழுந்து போகணும்னு பேசி வச்சிருக்கோம். நேத்து ஒரு தடவை வச்சுட்டுப் போனான்.

தேவிபட்டினம் அக்கா, முந்தாநாள் வியாபாரி வீட்டுக்குப் போனேன். வாசல்ல நின்னேன். ரொம்ப நேரம் கழிச்சு உள்ள வரச் சொன்னார். முழங்கையில பிளேட் வச்சிருக்காங்க, முழுசா நீட்ட வரல. "உங்க பெரியப்பா எனக்கு இருபது வருஷம் மீன் போட்டவர்டா"ன்னார். கேஸை விட மாட்டேன்னும் சொன்னார். நான் விடச் சொல்லிப் போகலன்னேன். நெத்தியில அடிபட்டது அவருக்குத் தெரியுமாம். அடிபட்டா இப்படி ஆகும்னு யாரும் சொல்லலயேன்னார்.

சேதுக்கரை வக்கீல் (ராமநாதபுரம்):

போனது நல்லது. இனிமேல் போனால் உடல்நலம் மட்டும் விசாரியுங்கள், வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். சாட்சியைக் கலைத்தார்கள் என்று ஆகிவிடும், ஜாமீனுக்கும் ஆபத்து. பதிவு நகலில் மருத்துவமனை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கச்சான்காற்று (பாம்பன்):

முத்திரை இருக்கு ஐயா. மூணு நகல் எடுத்துட்டேன்.

ஏலக்காரர் மகள் (தேவிபட்டினம்):

எந்தக் கை தம்பி?

கச்சான்காற்று (பாம்பன்):

வலது கை, அக்கா. ஏலத்துல பெட்டியை இப்ப அவர் மகன்தான் தூக்குறான். பத்தாவது படிக்கிறான், காலையில ஏலம் முடிச்சுட்டுப் பள்ளிக்கூடம் போறான். நாளையில இருந்து அஞ்சு மணிக்கு நான் போய்த் தூக்கிக் கொடுக்கிறேன்னு கேட்டிருக்கேன். இன்னும் பதில் சொல்லல.